நனையாத தார்ப்பாய்

ஒரு காட்டில் ஐப்பசி வந்தால் மழை பெய்யும். இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். அந்தக் காட்டை நிர்வாகம் பண்ணியவர்களுக்கு ஒவ்வோர் ஐப்பசியிலும் அது புதுச் சேதியாக இருந்தது. அதுதான் கதை.

அந்தக் காட்டில் வடிவு என்று ஒரு கௌதாரி இருந்தாள். கௌதாரிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. புதரடியில் தரையைக் கொஞ்சம் கீறி, நாலு சருகைப் போட்டு, அதில் முட்டை வைத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் அருமையான வீடு. மழை வந்தால் அதுவே தண்ணீர்த் தொட்டி. போன ஐப்பசியில் வடிவின் எட்டு முட்டைகளும் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து ஓடைக்குப் போயின. அவள் கரையிலேயே கத்திக்கொண்டு ஓடினாள். முட்டைகள் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஏழு முட்டை. அடைக்கு உட்கார்ந்து பதினான்கு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஐந்து நாள் நனையாமல் இருந்தால் ஏழும் குஞ்சு.

அந்தச் சமயத்தில்தான் குளத்தங்கரையில் சிறப்பு முகாம் போட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய் இலவசம். நேரில் வந்து, கால்ரேகை வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

வடிவுக்குப் பக்கத்துப் புதரில் மருதாயி என்று ஒரு முயல். அவளுக்குப் பிள்ளைகள் பெரிதாகிப் போய்விட்டன. இப்போது அவளுடைய உயிர் ஒரு சிறுகீரைப் பாத்தியில் இருந்தது.

"மதினி, நீங்க முதல்ல போய் வரிசைல நில்லுங்க. உச்சி வெயிலுக்கு நான் வந்து மாத்திக்கிறேன்" என்றாள் வடிவு.

"அப்ப முட்டை?"

"நான் வந்ததும் நீங்க வந்து படுத்துக்கோங்க. முட்டைக்கு வேண்டியது சூடு மதினி. யாரு வயிறுன்னு அது கேக்கப் போகுதா?"

அப்படியே இருவரும் மாறி மாறி நின்றார்கள். வாங்குகிறவர்கள் வெயிலில் வரிசையாக நிற்க, கொடுக்கிறவர்கள் நாலு தார்ப்பாயை ஒன்றாகத் தைத்துப் போட்ட பெரிய பந்தலின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பெரியவர் கொக்கு ஐயா. ஆய்வு அலுவலர். வெள்ளையும் சள்ளையுமாக இருப்பார். நாள் முழுக்க அசையாமல் நிற்கத் தெரிந்ததால் அந்த வேலைக்கு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் எழுத்தர் ஆமை. சொந்த வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, வீடில்லாதவர்களின் பட்டியலை எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

மேலிடத்து உத்தரவில் 'வாட்டர்ப்ரூஃப் தார்ப்பாய்' என்று இருந்தது. அறிவிப்பைத் தமிழில்தான் போட வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருந்தது. ஆமை ஐயா மூன்று நாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தார். நான்காம் நாள் தலையை வெளியே நீட்டி, 'நனையாத தார்ப்பாய்' என்று எழுதினார். பிறகு களைப்பாக இருக்கிறது என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார்.

கொக்கு ஐயா அந்த அறிவிப்பை மைக்கில் வாசித்தார். "பொதுமக்களுக்கு நனையாத தார்ப்பாய் வழங்கப்படுகிறது. நனையாத தார்ப்பாயை நனையாத நிலையிலேயே பராமரிக்க வேண்டியது பயனாளியின் கடமை. ஆய்வுக்கு வருவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. காதில் வாங்கிய ஒரே ஆள், வரிசையில் நின்ற மயிலம்மா.

இருவருக்கும் ஆளுக்கொரு தார்ப்பாய் கிடைத்தது. வடிவு தன்னுடையதை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். மேற்கே கறுத்துவிட்டது. கையோடு வேலையில் இறங்கினாள். புதருக்கு மேலே இரண்டு உயரமான கிளைகளில் ஒரு பக்கத்தைக் கட்டினாள். மறுபக்கத்தைத் தாழ இழுத்து, ஓரத்து வளையங்களில் கயிறு விட்டு, முளைக்குச்சி அடித்து இறுக்கினாள். வாட்டம் விட்டுக் கட்டினால்தான் தண்ணீர் வழிந்து ஓடும், தட்டையாகக் கட்டினால் நடுவில் தொப்பை போட்டு நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர் விழுகிற இடத்தில் சின்னதாக ஒரு வாய்க்காலும் கீறிவிட்டாள். மருதாயி தன் தார்ப்பாயைக் கீரைப் பாத்திக்கு மேல் வளைவாகக் குச்சி நட்டுப் போர்த்தினாள். ஓரத்துக்குக் கல் வைத்தாள். பக்கவாட்டில் காற்றுப் போக வழி விட்டாள்.

சாயங்காலம் மழை கொட்டியது. தார்ப்பாய்மேல் பொரிகடலை வறுக்கிற மாதிரி சத்தம். உள்ளே வடிவு முட்டைகளின்மேல் உட்கார்ந்து, தன் வயிற்றடியில் கை வைத்துக் கை வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. போன வருஷத்து எட்டுக்கும் சேர்த்து அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் அவளுக்கு நனையாத இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் தூறலோடு தூறலாக ஆய்வு வந்துவிட்டது.

முதலில் மருதாயியின் கீரைப் பாத்தி. கொக்கு ஐயா குளத்திலிருந்து நேராக வந்த ஈரக்காலோடு தார்ப்பாய்மேல் ஏறி நின்றார். குனிந்து பார்த்தார். "ஈரமா இருக்கே" என்றார்.

"மழை பெஞ்சா ஈரமா இருக்காதா ஐயா?" என்றாள் மருதாயி.

"நாங்க உனக்குக் குடுத்தது என்ன தார்ப்பாய்?"

"நனையாத தார்ப்பாய்."

"இது?"

"நனைஞ்சிருக்கு."

"அப்ப இது நாங்க குடுத்தது இல்ல. நல்லதை எங்க வித்த?"

மருதாயி வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் உலகத்தில் எங்கும் இல்லை என்பதால் மூடிக்கொண்டாள். ஆமை ஐயா, 'பயனாளி அசல் தார்ப்பாயை மாற்றிவிட்டு, நனையும் தன்மையுள்ள போலியை விரித்துள்ளார்' என்று எழுதினார். தார்ப்பாயை உருவிச் சுருட்டினார்கள். கீரைப் பாத்தியில் மழை இறங்கியது. அரை மணியில் பாத்தி சேறாகிவிட்டது.

அடுத்தது மயிலம்மா வீடு. மயிலம்மா தார்ப்பாயைப் பிரிக்கவே இல்லை. மேலே சுற்றி வந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், மரத்து உச்சிப் பொந்தில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தாள். வாசலில் அவளுடைய மூன்று குஞ்சுகளும் மழையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வரிசையாகத் தும்மின.

"ஐயா, நல்ல பொருளாச்சேன்னு எடுக்கவே மனசு வரலீங்க" என்றாள் மயிலம்மா.

கொக்கு ஐயா தடவிப் பார்த்தார். சுண்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நனையவே இல்ல! இதுதான்யா பராமரிப்பு!" என்றார். அங்கேயே அவளுக்குச் சிறந்த பயனாளி விருது கொடுத்தார். அந்தத் தார்ப்பாய் இனிமேலும் நனைந்துவிடாமல் இருக்க, அதைப் போர்த்தி வைப்பதற்கு இரண்டாவதாக ஒரு தார்ப்பாயும் கொடுத்தார். மருதாயியிடமிருந்து உருவியதுதான் அது. குஞ்சுகள் விருதைப் பார்த்து இன்னொரு முறை தும்மின.

மருதாயி குறுக்கு வழியில் ஓடி வந்து வடிவிடம் மூச்சு வாங்கினாள். "ஏ வடிவு, சீக்கிரம் அவுத்துடு! நனைஞ்சிருந்தா திருடிம்பாங்க!"

"அவுத்தா முட்டை நனையும் மதினி."

"அவுக்கலன்னா அவங்க அவுப்பாங்க!"

யோசிக்க நேரமில்லை. கொக்கு ஐயா வந்தே விட்டார். தூறல் வலுத்து அவர் வெள்ளையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடிவு சட்டென்று தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயா, எதுக்கு வெளியில நின்னுகிட்டு? உள்ள வந்து பாருங்க."

ஐயா உள்ளே வந்தார். பின்னாலேயே ஆமை ஐயாவும் வந்தார். வடிவு மேலே காட்டினாள். "தொட்டுப் பாருங்கய்யா. ஒரு சொட்டு இருக்கா?"

ஐயா அலகால் தடவினார். "இல்ல. ஆனா வெளிப்பக்கம் நனைஞ்சிருக்கே?"

"வெளிப்பக்கம் இருக்கிறது மழைங்கய்யா. மழை எந்தத் துறைங்க?"

கொக்கு ஐயா ஆமை ஐயாவைப் பார்த்தார். ஆமை ஐயா தலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, "அது வானிலை ஐயா. நம்ம துறை இல்ல" என்றார்.

"அப்ப அது உங்க ஆய்வுல வராதுங்களே?"

ஐயா வெகுநேரம் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு, "வராது" என்று ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் வழக்கமான கதையாக இருந்தால், 'புத்தியுள்ளவள் பிழைத்தாள்' என்று முடித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம். ஆனால் புத்தியைக் காட்டியதில் வடிவு ஒரு தப்புச் செய்துவிட்டாள். காட்டிலேயே நனையாத இடம் எது என்பதை அதிகாரிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

கொக்கு ஐயா சுற்றும் முற்றும் பார்த்தார். இறகை உதறினார். வெளியே மழை மறுபடி கொட்டத் தொடங்கியது. "எழுத்தரே, குறிச்சுக்கோங்க. மழை நிக்கிற வரைக்கும் நான் கேம்ப். இதுதான் கேம்ப் ஆபீஸ்" என்றார்.

"ஐயா, இது என் வீடு" என்றாள் வடிவு.

"வீடு உன்னது. தார்ப்பாய் அரசாங்கத்துது. நீ தார்ப்பாய்க்கு வெளியில எங்க வேணாலும் தாராளமா இருந்துக்க."

அடுத்து அவருக்குத் தலை இடித்தது. அதிகாரி குனிவது மரபல்ல என்பதால், தார்ப்பாயை நாலு பக்கமும் உயர்த்திக் கட்டச் சொன்னார்.

"வாட்டம் போயிடுங்கய்யா. நடுவுல தண்ணி தேங்கும்."

"எனக்குக் கட்டடம் சொல்லித் தர்றியா?"

வாட்டம் போயிற்று. தார்ப்பாய் மேஜை மாதிரி தட்டையானது. உட்கார இடம் தேடியபோதுதான் ஐயா கூட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன? உருண்டை உருண்டையா? ஆபீஸ்ல இதெல்லாம் இருக்கக் கூடாது. தூக்கி வெளியில போடு."

வெளியே வாய்க்கால் ஓடை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வடிவுக்குப் போன வருஷத்து எட்டும் கண்முன்னால் மிதந்து போயின. கூட்டை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் தானாகவே ஒன்றைச் சொல்லிவிட்டது.

"ஐயா... அது மனுங்க."

"மனுவா? மனு இப்படியா இருக்கும்?"

"போன வருஷ முகாம்ல குடுத்ததுங்கய்யா. யாரும் எடுத்துப் பாக்காம ரொம்ப நாள் கிடந்ததுல சுருண்டு சுருண்டு உருண்டையாப் போச்சு."

கொக்கு ஐயாவுக்கு அதில் சந்தேகம் வரவில்லை. அவர் அலுவலகத்தில் அதைவிடப் பழசெல்லாம் இருந்தது. ஆமை ஐயா மட்டும் கழுத்தை நீட்டிக் கூட்டைப் பார்த்தார். அவர் வீட்டிலும் முட்டை உண்டு, பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் முட்டை என்று எழுதினால் பறவைகள் துறைக்கு மூன்று நகலில் கடிதம் எழுத வேண்டும். நிலுவை மனு என்றால் எதுவுமே எழுத வேண்டாம். ஆமை ஐயா பதிவேட்டில் 'நிலுவை: 7' என்று போட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நிலுவை மனுவா? அப்படின்னா இங்கயே இருக்கட்டும்" என்றார் கொக்கு ஐயா. அப்புறம், இத்தனை வருஷ சர்வீஸில் எந்த மனுவுக்கும் என்ன செய்வாரோ அதையே செய்தார். மடக்கென்று நீளக்காலை மடக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வடிவு மூச்சை விட்டாள்.

வெளியே வந்து மருதாயியின் புதரில் ஒண்டிக்கொண்டாள். இருவரும் சொட்டச் சொட்ட நனைந்தார்கள்.

"அந்த ஆளு மேல உக்காந்துட்டானேடி" என்று மருதாயி புலம்பினாள்.

"உக்காரட்டும் மதினி. சூடுதானே வேணும்."

"எந்திரிச்சுட்டா?"

"மனு மேல உக்காந்த அதிகாரி என்னைக்கு எந்திரிச்சிருக்காங்க?"

ஆனால் அடை காப்பவளுக்கு இன்னொரு கவலை உண்டு. முட்டையை அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே குஞ்சு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். மதியம் வரை வடிவு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. தார்ப்பாய் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, என் மனு என்னாச்சுங்க?"

"பரிசீலனையில் இருக்கு" என்றார் ஐயா. பரிசீலனை நடப்பதைக் காட்டுவதற்காகக் கொஞ்சம் எழுந்து, அலகால் ஏழையும் அப்படியும் இப்படியும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். மருதாயியின் காதில் சொன்னாள். இருவரும் சேற்றில் விழுந்து சிரித்தார்கள்.

அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் யாராவது ஒருவர் போய்க் கேட்டார்கள். வடிவு போகாத வேளையில் மருதாயி போனாள். "வடிவு மனு என்னாச்சுங்கய்யா?" "பரிசீலனையில் இருக்கு." ஒரு புரட்டு. "எப்பங்கய்யா முடியும்?" "மேலிடத்துக்கு அனுப்பணும்." இன்னொரு புரட்டு. தாய் புரட்டியிருந்தால்கூட இத்தனை ஒழுங்காகப் புரட்டியிருப்பாளோ என்னவோ.

மூன்றாம் நாள் மதியம் மழை தூறலாக இறங்கியது. கொக்கு ஐயாவுக்குக் குளத்து மீன் நினைவு வந்துவிட்டது. எழுந்து நின்றார். கழுத்தை நீட்டி நெட்டி முறித்தார்.

"எழுத்தரே, கேம்ப் முடிஞ்சது. தார்ப்பாயை அவுங்க. போவோம்."

வடிவு மனக்கணக்குப் போட்டாள். பொரிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. தார்ப்பாய் போனால் தூறல் நேராக முட்டைமேல். கிழக்கே வானம் வேறு மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. ஆமை ஐயா முதல் முடிச்சை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, நடந்தது ஆமை ஐயா.

வடிவு ஓடிப் போய்க் கொக்கு ஐயா காலடியில் விழுந்தாள். "ஐயா! போறதுக்கு முன்னாடி என் மனுவை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கய்யா! ரொம்ப அவசரம்!"

ஐயா நின்றார். "என்ன சொன்ன?"

"அவசரம்ங்கய்யா. இன்னைக்கே வேணும். உடனே வேணும்."

"அவசரமா?" ஐயாவின் முகம் மாறியது. "என்கிட்டயே வந்து அவசரம்ங்கிறியா? எழுத்தரே, கயிற்றை விடுங்க!"

எழுந்த ஐயா அதே இடத்தில், அதே சூட்டில், முன்பைவிட அழுத்தமாக உட்கார்ந்தார்.

அந்த ராத்திரி பேய்மழை. விடிந்தபோது, வாட்டமில்லாத தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி, ஒன்பது மாதத் தொப்பை மாதிரி ஐயாவின் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. வடிவும் மருதாயியும் வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொக்கு ஐயா அரைத் தூக்கத்தில் இருந்தார். திடீரென்று கண் விழித்தார்.

"எழுத்தரே!"

"ஐயா?"

"மனு நகருது!"

"இருக்காதுங்கய்யா."

"நகருதுய்யா! எனக்குக் கீழ நகருது! என் சர்வீஸ்ல எந்த மனுவும் இதுவரைக்கும் நகர்ந்ததே இல்லையே!"

அடியிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது. மனு பேசவும் செய்யும் என்பதை ஐயாவால் தாங்க முடியவில்லை. அலறிக்கொண்டு நேர்குத்தாக எம்பினார். அலகு தார்ப்பாயின் தொப்பையில் போய்க் குத்தி நின்றது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ராத்திரி முழுக்கச் சேர்ந்த தண்ணீர் அத்தனையும் படீரென்று அவர் தலைமேல் இறங்கியது.

அதற்கு முன்பே "வாங்கடி வாங்கடா" என்று வடிவு குரல் கொடுத்திருந்தாள். கௌதாரிக் குஞ்சுகள் பிறந்த கையோடு ஓடக் கூடியவை. பழுப்பு உருண்டைகளாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐயாவின் காலிடுக்கில் புகுந்து வெளியே ஓடி வந்தன. ஏழாவது மட்டும் ஓட்டில் பாதியைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு வந்தது. வடிவு இறக்கையை விரித்து ஏழையும் உள்ளே வாரிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஏழு.

கொக்கு ஐயா தண்ணீர் சொட்ட நின்றார். "மனுவெல்லாம் எங்கய்யா?"

ஆமை ஐயா கூட்டை எட்டிப் பார்த்தார். வெறும் ஓடுதான் கிடந்தது. பதிவேட்டை எடுத்தார். 'நிலுவை: 7' என்பதை அடித்துவிட்டு, 'ஏழு மனுக்களுக்கும் நேரில் தீர்வு காணப்பட்டது' என்று எழுதி ஐயாவிடம் நீட்டினார். ஐயா படித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து நின்று கையெழுத்துப் போட்டார்.

நான்கே நாளில் ஏழு மனுக்களை முடித்த அந்தத் திறமைக்காக அவருக்குப் பெரிய குளத்துக்குப் பதவி உயர்வு வந்தது.

நனையாத தார்ப்பாய் இரண்டு பக்கமும் நனைந்து, நடுவில் ஓட்டையோடு தொங்கியது. அதை வடிவிடமே கொடுத்து, 'நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று கால்ரேகை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டையை ஒட்டி வடிவு அதை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி மருதாயியின் புதுக் கீரை விதைக்கு. மறுபாதியை மயிலம்மாவின் குஞ்சுகளுக்கு மேலே கட்டிவிட்டாள், வாட்டம் விட்டு. மயிலம்மாவிடம் இரண்டு தார்ப்பாய் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அவை இரண்டும் நனையக் கூடாதே.

நீதி: உங்கள் மனுவின்மேல் அதிகாரி உட்கார்ந்துவிட்டால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ளாதீர்கள். சூடு ஆறுவதற்குள் அடியில் முட்டையை வைத்துவிட்டு, 'அவசரம்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.